கால் நகம் சதைக்குள் வளர்ந்தால்: எந்த டாக்டர், என்ன சிகிச்சை, எவ்வளவு செலவு

கால் பெருவிரல் நகத்தின் ஓரம் சதைக்குள் இறங்கி, வீங்கி, சீழ் வைத்து, போர்வை உரசினால்கூட வலிக்கிறதா? இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். "இதுக்குப் போய் ஆஸ்பத்திரியா?" என்று வீட்டில் கேட்பார்கள். மெடிக்கல் ஷாப்பில் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். வீக்கம் வடியும், அடுத்த மாதம் மறுபடி ஆரம்பிக்கும். இந்தச் சுற்றில் எனக்கு நிறையக் காலமும் பணமும் போனது. ஒரு மருத்துவமனையில் முழு நகத்தையும் பிடுங்கி அனுப்பினார்கள். புது நகம் வளர்ந்து வந்தது, அதே ஓரத்தில் அதே வலியும் வந்தது. கடைசியில் சரியான சிகிச்சை கிடைத்தபோது அது அரை மணி நேர வேலையாக இருந்தது.

தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வெளிநாடுகளில் பாதத்துக்கென்றே தனிப் படிப்பு படித்தவர்கள் நகத்தையும் பார்க்கிறார்கள். இங்கே அந்த வசதி மிகக் குறைவு. அதனால்தான் யாரிடம் போவது, என்ன கேட்பது என்பதிலேயே பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

முழுக்கப் படிக்க நேரம் இல்லையென்றால் இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துப் போங்கள்: "நகத்தின் ஓரத்தை மட்டும் எடுத்து, அந்த ஓரத்தின் வேரையும் சேர்த்து அழித்துவிடுவீர்களா டாக்டர்?" பதில் "ஆமாம்" என்று வந்து, எப்படிச் செய்வார் என்றும் சொன்னால் சரியான இடத்தில்தான் இருக்கிறீர்கள்.

## 1. எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்

நகத்தைச் சுற்றியுள்ள தோலில் கிருமி புகுந்து வீங்கினால் எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகிக்கொள்வது நம் வீடுகளில் வழக்கம். உள்ளே வளர்ந்த நகத்துக்கு அந்த வைத்தியம் எடுபடாது. இங்கே நகமே முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. முள் உள்ளே இருக்கும்வரை மேலே எதைப் பூசினாலும் புண் ஆறாது. ஆன்டிபயாடிக் மட்டும் சாப்பிட்டால் திரும்பத் திரும்ப வருவதற்கும் இதுதான் காரணம்.

டாக்டர்கள் இதை மூன்று நிலையாகப் பிரிப்பார்கள். முதல் நிலையில் ஓரம் சிவந்து லேசாக வீங்கியிருக்கும், அழுத்தினால் வலிக்கும். இரண்டாம் நிலையில் சீழோ நீரோ கசியும், நாற்றம் வரும். மூன்றாம் நிலையில் நகக்கண் ஓரமாகச் சிவப்பாக, ஈரமாக ஒரு சதை பொங்கி நகத்தின் மேலேயே ஏறிவிடும். தொட்டாலே ரத்தம் வரும்.

முதல் நிலைக்கு வீட்டு வைத்தியமும் சின்னச் சின்ன உத்திகளும் போதும். இரண்டாம் நிலை டாக்டர் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. மூன்றாம் நிலைக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் ஓரத்தை வெட்டித்தான் ஆகவேண்டும், தள்ளிப்போட்டுப் பலனில்லை.

சர்க்கரை நோய் இருப்பவர்கள், காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள், கால் மரத்துப் போகிறவர்கள் இந்த நிலைக் கணக்கையெல்லாம் பார்க்க வேண்டாம். முதல் நாள் சிவந்தாலே டாக்டரிடம் போய்விடுங்கள்.

## 2. வீட்டில் இரண்டு வாரம் முயலலாம், அதற்கு மேல் வேண்டாம்

முதல் நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும் இது. வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, 15 நிமிடம் வைத்திருந்து நன்றாகத் துடைத்துவிடுங்கள். நகம் ஊறி மெத்தென்று ஆனதும் சுத்தமான பஞ்சில் ஒரு சின்னத் திரி எடுத்து, நகத்தின் ஓரத்துக்கும் சதைக்கும் இடையில் மெல்லச் செருகுங்கள். தினமும் திரியை மாற்ற வேண்டும். விரலை அழுத்தாத செருப்பு போடுங்கள். இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றாலோ, நடுவில் சீழ் வந்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

காலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகள் வெந்நீர் வைத்தியத்தைத் தொடவே கூடாது. சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும்.

இந்தக் கட்டத்தில்தான் பலர் வலையில் விழுகிறார்கள். நெயில் கட்டரால் ஓரத்தைத் தோண்டி எடுத்தால் அன்றைக்கு ராத்திரி நிம்மதியாக இருக்கும். ஆனால் வெட்டிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூர்முனை உள்ளே நின்றுவிடும். நகம் முன்னால் வளரும்போது அது இன்னும் ஆழமாகக் குத்தும். பியூட்டி பார்லரில் பெடிக்யூர் செய்யும்போது "ஓரத்தை க்ளீன் பண்ணிடறேன்" என்பதும் இதேதான். கூடவே அந்தக் கருவிகளை எப்படிச் சுத்தம் செய்கிறார்கள் என்பது வேறு கவலை.

## 3. எந்த டாக்டர்

பொது அறுவை சிகிச்சை நிபுணர், அதாவது எம்எஸ் படித்த சர்ஜன், இதைச் செய்வார். தோல் டாக்டர்களிலும் நகத்துக்கான சின்ன அறுவை சிகிச்சைகளைத் தாங்களே செய்கிறவர்கள் உண்டு. என் அபிப்பிராயத்தில் நகத்தில் ஆர்வமுள்ள தோல் டாக்டர் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. வேரை மட்டும் அழிக்கும் முறைகளில் அவர்களுக்குப் பழக்கம் அதிகம். ஆனால் எல்லாத் தோல் டாக்டர்களும் இதைச் செய்வதில்லை. போனில் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே "டாக்டர் நகத்துக்கு ப்ரொசீஜர் செய்வாரா?" என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஒரு கன்சல்டேஷன் பணம் வீணாகும்.

சர்க்கரை நோயாளிகள் பாதத்துக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கும் நீரிழிவு மருத்துவமனைக்குப் போவது நல்லது. காலில் ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்று முதலில் சோதித்துவிட்டுத்தான் அவர்கள் நகத்தில் கை வைப்பார்கள்.

அரசு மருத்துவமனை என்றால் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட வேண்டும். பெரும்பாலான இடங்களில் மதியம் 12 மணியோடு ஓ.பி. முடிந்துவிடும். சர்ஜரி ஓ.பி.க்கோ தோல் ஓ.பி.க்கோ சீட்டு கேளுங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் (சென்னையில் ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, மதுரையில் ராஜாஜி போன்றவை) சர்ஜரி பிரிவு பல யூனிட்டாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் குறிப்பிட்ட ஓ.பி. நாள். முதல் நாள் உங்களைப் பார்த்த யூனிட்டின் எண்ணைச் சீட்டிலேயே எழுதியிருப்பார்கள். அடுத்த தடவையும் அதே யூனிட்டின் நாளில் போங்கள். வேறு நாளில் போனால் புது டாக்டர், புதிதாக முதலிலிருந்து கதை. இது யாரும் சொல்லித்தராத விஷயம், தெரிந்துவிட்டால் அலைச்சல் பாதி குறையும்.

## 4. என்னென்ன சிகிச்சை இருக்கிறது

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். டாக்டர் அறையில் எதற்குத் தலையாட்டுகிறோம் என்று தெரியாமல் தலையாட்டுவதுதான் பின்னால் பிரச்சினை ஆகிறது.

வெட்டாமல் செய்வது முதல் வகை. டாக்டரே நகத்தின் ஓரத்தைத் தூக்கிப் பஞ்சு வைப்பார். சிலர் டிரிப்ஸ் ஏற்றும் பிளாஸ்டிக் குழாயில் சின்னத் துண்டு வெட்டி, நீளவாக்கில் பிளந்து, நகத்தின் ஓரத்தில் மாட்டிவிடுவார்கள். நகத்துக்கும் சதைக்கும் நடுவில் அது தடுப்பாக நிற்கும், நகம் சதையைத் தாண்டி வளரும்வரை வாரக்கணக்கில் இருக்க வேண்டும். சதையை நகத்திலிருந்து விலக்கி இழுத்து டேப் ஒட்டுவதும் உண்டு. முதல் நிலைக்கும், இரண்டாம் நிலையின் ஆரம்பத்துக்கும் இவை நல்ல வழிகள். பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஓரத்தை மட்டும் வெட்டி எடுப்பது இரண்டாவது வகை. விரல் மரத்துப்போக ஊசி போட்டு, குத்துகிற பக்கத்தில் சில மில்லிமீட்டர் அகலத்துக்கு நகத்தை நுனியிலிருந்து அடிவரை நீளவாக்கில் வெட்டி உருவிவிடுவார்கள். வலி உடனே குறையும். ஆனால் வேர் அப்படியே இருப்பதால் அந்தத் துண்டு மறுபடி வளரும், பலருக்குப் பிரச்சினையும் அதனோடு திரும்பி வரும்.

அதனால் அதோடு வேரையும் அழிக்க வேண்டும். இதுதான் மூன்றாவது வகை, திரும்பத் திரும்ப வருகிறவர்கள் கேட்டு வாங்க வேண்டிய வகை. வேரை அழிக்கப் பல வழிகள் உண்டு. ஃபீனால் என்ற ரசாயனத்தைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, நகம் முளைக்கும் மூலையில் ஒன்றிரண்டு நிமிடம் தேய்ப்பது உலகம் முழுக்கப் பழக்கத்தில் உள்ள முறை. தையல் கிடையாது, செலவு குறைவு, திரும்ப வரும் வாய்ப்பும் குறைவு. நகத்தை வெட்டி மட்டும் விட்டவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிது. ஃபீனாலுக்குப் பதில் சோடியம் ஹைட்ராக்சைடு வைப்பவர்களும் உண்டு. ஆர்.எஃப். என்கிற ரேடியோ அலைக் கருவியாலோ, மின்சாரத்தாலோ, லேசராலோ வேரைச் சுடுவது இன்னொரு வழி. கத்தியால் நகத்தின் ஓரம், வேர், பக்கத்துச் சதை எல்லாவற்றையும் ஆப்பு வடிவில் வெட்டித் தைப்பது பழைய சர்ஜன்களின் வழி. இதற்குத் தையல் பிரிக்க மறுபடி போக வேண்டும்.

"லேசர்" என்றதும் பில் இரண்டு மூன்று மடங்காகும். லேசர் ஒரு கருவி, அவ்வளவுதான். முக்கியம் வேர் முழுசாகப் போகிறதா என்பது. பழக்கப்பட்ட கையில் ஃபீனாலே போதும், அதிகப் பணம் கொடுத்து லேசர் கேட்க நான் ஒரு காரணமும் காணவில்லை.

நகத்தைத் தொடாமல், இரண்டு பக்கமும் பொங்கிய சதையை மட்டும் தாராளமாக அகற்றி, தைக்காமல் தானே ஆறவிடும் முறையும் இருக்கிறது. நகம் முழு அகலத்தோடு இருக்கும் என்பது லாபம். ஆற ஒன்றரை மாதம் வரை ஆகலாம் என்பது நஷ்டம். சதை மிகப் பெரிதாக வளர்ந்தவர்களுக்கு டாக்டர் இதைச் சொல்லலாம்.

கடைசியாக, முழு நகத்தையும் பிடுங்குவது. உள்ளே வளர்ந்த நகத்துக்கு இதை மட்டும் தனியாகச் செய்வதாகச் சொன்னால் வேறொரு டாக்டரிடம் இரண்டாவது கருத்து கேளுங்கள். கால் நகம் முழுசாக வளர ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகும். அதுவரை விரல் நுனிச் சதை மேலே தூக்கிக்கொள்ளும், புது நகம் அந்தச் சதையில் முட்டும். இத்தனை நாள் பொறுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்பதன் எரிச்சலை நான் அனுபவித்திருக்கிறேன்.

வேரை அழித்த பக்கம் நகம் வாழ்நாள் முழுக்கக் கொஞ்சம் ஒடுங்கியே இருக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். சில மில்லிமீட்டர் வித்தியாசத்தை நீங்கள் சொன்னாலொழிய யாரும் கவனிக்க மாட்டார்கள்.

## 5. டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை

ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளைக் கட்டாயம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், நிறுத்துவதா வேண்டாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பல் பிடுங்கும்போது மரத்துப்போகும் ஊசியால் மயக்கமோ அலர்ஜியோ வந்திருந்தால் சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தால் ஃபீனாலைத் தவிர்ப்பார்கள். முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடும் இளைஞர்கள் அதையும் சொல்ல வேண்டும். அந்த மாத்திரையே நகத்தின் ஓரத்தில் சதை பொங்க வைக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

பொங்கிய சதை மாதக்கணக்கில் ஆறாமல் இருக்கிறது, அல்லது நகத்தடியில் கறுப்பாக ஏதோ தெரிகிறது என்றால், எடுத்த சதையைப் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அபூர்வமாகப் புற்றுநோய் இந்த வேஷத்தில் வரும். ரொம்ப நாள் புண் என்றால் எக்ஸ்ரே கேட்பார்கள். நகத்தடியில் எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறதா, எலும்புக்குள் கிருமி போயிருக்கிறதா என்று பார்ப்பதற்காக. அதைத் தேவையில்லாத செலவு என்று நினைக்காதீர்கள்.

## 6. கையில் கொண்டு போக வேண்டிய காகிதங்கள்

அரசு மருத்துவமனைக்கு ஆதாரும் செல்போனும் இருந்தால் பதிவு சீக்கிரம் முடியும். தனியாரிடம் பழைய ப்ரிஸ்கிரிப்ஷன்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். முக்கியமாக எந்த ஆன்டிபயாடிக், எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்ற விவரம். வீக்கம் அதிகமாக இருந்த நாளில் செல்போனில் எடுத்த படம் இருந்தால் அதையும் காட்டலாம். நாம் டாக்டரைப் பார்க்கும் அன்றைக்கு மட்டும் விரல் சமர்த்தாக இருக்கும்.

ரத்தச் சர்க்கரை, ரத்தம் உறையும் நேரம், ஹெச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமி ஆகிய சோதனைகளைப் பெரும்பாலான இடங்களில் கேட்பார்கள். சர்க்கரை நோயாளிகள் சமீபத்திய ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். சமீபத்தில் வேறெங்காவது எடுத்திருந்தால் அதை ஏற்றுக்கொள்வார்களா என்று கேளுங்கள், இரண்டாவது தடவை பணம் கட்ட வேண்டியிருக்காது. டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் நினைவுபடுத்திக்கொண்டு போங்கள்.

## 7. செலவு

அரசு மருத்துவமனையில் இலவசம். நேரம்தான் செலவு. காப்பீட்டு அட்டை எதுவும் இதற்குத் தேவைப்படாது.

தனியாரிடம் நான் விசாரித்த அளவில் கிடைத்த தோராயக் கணக்கு இது, ஊருக்கு ஊர் மாறும். கன்சல்டேஷன் 300 முதல் 1,000 ரூபாய். சின்ன கிளினிக்கில் ஃபீனால் முறையில் ஒரு விரலுக்கு 3,000 முதல் 8,000 வரை. ஆர்.எஃப்., லேசர் என்றால் அதற்கு மேல். பெரிய கார்ப்பரேட் மருத்துவமனையில் இதே வேலைக்கு 20,000, 30,000 என்று எஸ்டிமேட் வரும். அங்கே கூடுவது டாக்டரின் கட்டணத்தைவிட ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) வாடகை, படுக்கை, மயக்க டாக்டர் கட்டணம் போன்ற செலவுகள்தான்.

எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள். அதில் ஊசி மருந்து, ஓ.டி., பின்னால் கட்டு மாற்றுவது, பயாப்ஸி எல்லாம் அடக்கமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கட்டு மாற்ற ஒவ்வொரு தடவையும் 200, 300 என்று வாங்கினால் மொத்தத்தில் கணிசமாகிவிடும். உங்கள் வீட்டுப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டைக் காட்டினால் கட்டை இலவசமாக மாற்றிவிடுவார்கள். டெட்டனஸ் ஊசியும் அங்கேயே போடலாம்.

முழு மயக்கம் கொடுக்க வேண்டும் என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள். பெரியவர்களுக்கு விரலை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும். சின்னக் குழந்தைகள், ஊசி என்றாலே நடுங்குகிறவர்கள் விஷயம் வேறு.

## 8. இன்சூரன்ஸும் ஈஎஸ்ஐயும்

மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நம்பி இறங்கிவிடாதீர்கள். 24 மணி நேரம் படுக்காமல் செய்யும் டே கேர் சிகிச்சைகளுக்கு பாலிசியில் இடம் இருக்கும்தான். ஆனால் அந்த விளக்கத்தின் கடைசி வரியைப் படியுங்கள்: வழக்கமாக வெளிநோயாளியாகவே செய்துகொள்ளும் சிகிச்சை இதில் அடங்காது. நகத்தின் ஓரத்தை எடுப்பதை கம்பெனிகள் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் சேர்க்கும். பாலிசியில் ஓ.பி.டி. கவர், அதாவது வெளிநோயாளி சிகிச்சைக்கான காப்பீடு, தனியாக இருந்தால் பணம் வர வாய்ப்புண்டு. சிகிச்சைக்கு முன்பே, சிகிச்சையின் பெயரை டாக்டர் எழுதிய சீட்டோடு கம்பெனிக்கு மெயில் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். போனில் "கவர் ஆகும் சார்" என்பதை நம்ப வேண்டாம்.

"ஒரு நாள் அட்மிட் ஆகிடுங்க, க்ளைம் பண்ணிக்கலாம்" என்று பில்லிங் கவுன்டரில் யோசனை சொல்வார்கள். படுக்க வேண்டிய மருத்துவக் காரணம் இல்லை என்று கம்பெனி நிராகரித்தால் பெரிய பில் உங்கள் தலையில்தான் விழும்.

க்ளைம் போடுவதென்றால் டாக்டரின் பதிவு எண்ணுள்ள ப்ரிஸ்கிரிப்ஷன், என்ன செய்தார்கள் என்று விவரிக்கும் சம்மரி, இனவாரியான பில், பணம் கட்டிய ரசீது, சோதனை ரிப்போர்ட், கேன்சல் செய்த செக் எல்லாம் வேண்டும். அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். பிறகு போனால் அந்தக் காகிதத்துக்கு ஒரு லீவு போட வேண்டிவரும்.

சம்பளத்தில் ஈஎஸ்ஐ பிடிக்கிறார்கள் என்றால் உங்களுக்கு ஒதுக்கிய டிஸ்பென்சரிக்கு முதலில் போய், அங்கிருந்து ஈஎஸ்ஐ மருத்துவமனைக்கு எழுதி வாங்க வேண்டும். சென்னையில் அயனாவரத்திலும் கே.கே.நகரிலும் இருக்கிறது. சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஈஎஸ்ஐ டாக்டர் சான்று கொடுக்கும் விடுப்பு நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும், ஆனால் முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு லீவைத் திட்டமிடுங்கள்.

## 9. தேதி குறிப்பது

சென்னைப் பக்கம் இருப்பவர்கள் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை முடிந்தால் தவிருங்கள். திறந்த புண்ணோடு தெருவில் தேங்கிய மழைத்தண்ணீரில் இறங்குவது வேண்டாத வேலை. கார்த்திகையில் மாலை போட்டு வெறுங்காலோடு நடக்கிறவர்கள், கிரிவலம் போகிறவர்கள் அதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை சரியாக இருக்கும், ஷூ போட வேண்டிய கட்டாயம் இல்லை. சீழ் பெருகி வலி தாங்கவில்லை என்றால் மட்டும் எந்தக் கணக்கும் பார்க்காமல் உடனே போங்கள்.

உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால் ஓரிரு நாள் லீவு போதும். நின்றுகொண்டே வேலை செய்பவர்களும், தொழிற்சாலையில் சேஃப்டி ஷூ போட வேண்டியவர்களும் இரண்டு மூன்று வாரத்துக்கு மாற்று ஏற்பாடு கேட்டு வையுங்கள். மெடிக்கல் சர்டிஃபிகேட்டில் "மூடிய காலணி கூடாது" என்று எழுதச் சொன்னால் ஷிஃப்ட் சூப்பர்வைசரிடம் வாதாட வேண்டியிருக்காது. பைக் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கியர் மாற்றுவது இடது கால்தான். இடது பெருவிரல் என்றால் விரல் ஆறும்வரை கியர் வண்டியை மறந்துவிடுங்கள்.

## 10. அன்றைக்கு என்ன நடக்கும்

நெயில் பாலிஷை அழித்துவிட்டுப் போங்கள். மருதாணி ஒன்றிரண்டு வாரம் முன்பிருந்தே வைக்க வேண்டாம், விரலின் நிறத்தை டாக்டர் பார்க்க வேண்டியிருக்கும். மெட்டி போட்டிருப்பவர்கள் அந்தக் காலில் கழற்றிவிடுங்கள், கட்டு போட்ட பிறகு இடமே இருக்காது. டாக்டர் வேண்டாம் என்று சொன்னாலொழிய சாப்பிட்டுவிட்டே போங்கள். வெறும் வயிற்றில் பயத்தோடு உட்கார்ந்தால் மயக்கம் வருவதுதான் மிச்சம்.

விரலின் அடியில் இரண்டு பக்கமும் ஊசி போடுவார்கள். மொத்தச் சிகிச்சையிலும் வலிப்பது இது ஒன்றுதான், ஒளிக்காமல் சொல்கிறேன், நன்றாகவே வலிக்கும். அப்புறம் ஐந்து, பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். சீழ் அதிகமாக இருந்தால் மரத்துப்போக இன்னும் நேரம் ஆகும். குத்திப் பார்த்து "தெரியுதா?" என்று கேட்கும்போது வீரம் காட்டாமல், தெரிந்தால் தெரிகிறது என்று சொல்லுங்கள். இன்னொரு டோஸ் போடுவார்கள்.

ரத்தம் வராமல் இருக்க விரலின் அடியில் ரப்பரால் இறுக்கிக் கட்டுவார்கள். ஈரம் இருந்தால் ஃபீனால் நீர்த்துவிடும், அதற்காகத்தான். பிறகு இழுப்பது மாதிரி, அழுத்துவது மாதிரி இருக்கும், வலிக்காது. கட்டு போடுவதற்கு முன் "ரப்பரை எடுத்தாச்சா?" என்று நீங்களே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், தப்பில்லை. மறந்துபோய் உள்ளே விட்டுவிட்டால் விரலுக்கே ஆபத்து. எடுத்ததும் விரல் நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள்.

வீட்டுக்கு ஆட்டோவில் போங்கள். தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், விரல் சில மணி நேரத்துக்கு உங்களுடையதாகவே இருக்காது. அகலமான வார் வைத்த பழைய செருப்பைக் கையோடு கொண்டு போயிருந்தால் அப்போது அதன் அருமை தெரியும்.

## 11. கட்டு, கசிவு, குளியல்

அன்றைக்கு முழுவதும் காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். மரப்பு விடுவதற்கு முன்பே டாக்டர் சொன்ன வலி மாத்திரையைப் போட்டுவிடுங்கள். முதல் கட்டு பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு நாளில் பிரிப்பார்கள், அதுவரை நனையக் கூடாது. குளிக்கும்போது பாலிதீன் கவரைக் கட்டிக்கொள்ளலாம். கட்டு புண்ணோடு ஒட்டிக்கொண்டால் இழுக்க வேண்டாம், சலைன் ஊற்றி ஊறவைத்தால் தானே விடும். ஒட்டாத பாரஃபின் துணி வைத்துக் கட்டச் சொல்லி முதலிலேயே கேட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஃபீனால் வைத்தவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரம்வரை மஞ்சளாக நீர் கசியும். இதைப் பார்த்துப் பயந்துதான் பலர் மறுபடி ஆன்டிபயாடிக் வாங்க மெடிக்கல் ஷாப்புக்கு ஓடுகிறார்கள். ரசாயனத்தால் ஆன சூட்டுப்புண் ஆறும்போது இப்படித்தான் கசியும். வலி நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால் கவலை இல்லை. மஞ்சள் தூள், காபித்தூள், தேங்காய் எண்ணெய் எதையும் புண்ணில் அப்பாதீர்கள்.

வலி மூன்றாம் நாளுக்கு மேல் கூடிக்கொண்டே போனாலோ, சிவப்பு விரலைத் தாண்டிப் பாதத்துக்கு ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விரல் கறுத்தாலோ அடுத்த ஓ.பி. நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு ராத்திரியும் திறந்திருக்கும், சீட்டைக் கையோடு கொண்டு போங்கள்.

நகம் வளர ஆரம்பித்ததும் ஓரங்களை வளைத்து வெட்டாமல் நேராக வெட்டுங்கள், மூலை சதைக்கு வெளியே தெரியும்படி விடுங்கள். பயாப்ஸி அனுப்பியிருந்தால் ரிப்போர்ட் வாங்க மறக்காதீர்கள், யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள்.